ஒரே இடத்துப் புண், இரண்டு நோய்கள்

முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ ஒருவருக்கு மாதக்கணக்கில் வயிற்றுவலி, வயிற்றோட்டம், விட்டுவிட்டுக் காய்ச்சல், உடம்பும் மெலிகிறது. வைத்தியர் குடற் காசநோயைச் சந்தேகிப்பார். அதே அறிகுறிகளோடு வரும் இன்னொன்று குரோன் நோய். நியூயோர்க் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையின் பரில் குரோனும் சக வைத்தியர்கள் இருவரும் 1932இல் இதை விபரித்தார்கள். இதில் உடம்பின் நோயெதிர்ப்பே குடலைப் புண்ணாக்குகிறது.

இரண்டு நோயும் பெரும்பாலும் சிறுகுடல் முடியும் இடத்தையே பிடிக்கின்றன. மருந்துகளோ நேரெதிர். குரோனுக்கு நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீரொயிட் கொடுப்பார்கள். காசநோயாளிக்கு அதை மட்டும் கொடுத்தால் கிருமி பெருகிப் பரவும். குரோன் நோயாளிக்குக் காசநோய் மருந்து கொடுத்துக் காத்திருந்தால், அதற்குள் குடல் சுருங்கி அடைபடலாம்.

கமரா விட்டுப் பார்த்தால் குடலின் உட்புறம் மட்டுமே தெரியும். சி.ரி. ஸ்கானும் எம்.ஆர்.ஐ.யும் சுவரின் தடிப்பையும் வெளிப்புறத்தையும் காட்டும். நடுப்பகுதி அழிந்த நிணநீர்க் கணுக்கள் தெரிந்தால் காசநோய்ச் சந்தேகம் வலுக்கும். குடலின் நீண்ட பகுதி பாதிக்கப்பட்டிருந்தால் குரோன் பக்கம் சாயலாம். வயிற்றின் உட்கொழுப்பைத் தோலடிக் கொழுப்போடு ஒப்பிட்டால், அந்த விகிதம் குரோனில் கூடுதலாக இருப்பதைத் தில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள்.

ஆய்வுகூடம் திசுத்துண்டைப் பார்க்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் அன்னா புலிமூட் குழுவினர் 1999இல் இரு நோய்களின் திசுக்களையும் ஒப்பிட்டார்கள். காசநோயில் அழற்சிக் கணுக்கள் பெரிதாக, பலவாக, ஒன்றோடொன்று இணைந்து கிடந்தன. குரோனில் சிறிதாக, அரிதாக இருந்தன. கிருமி வளர்ப்புச் சோதனைக்கு வாரங்கள் வேண்டும். குடலில் காசநோய்க் கிருமி குறைவென்பதால், விரைவான மரபணுச் சோதனையும் பல வேளை தவறவிடும்.

தனியே எதுவும் போதாததால்தான் படத்தையும் திசுவையும் இணைக்கிறார்கள். சத்திரசிகிச்சையில் வெட்டியெடுத்த குடலை முன்னர் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தோடு இடத்துக்கிடம் பொருத்திப் பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன. குரோனில் குடலின் ஒடுக்கம் வெறும் அழற்சியென்றால் மருந்து கேட்கும். தழும்பென்றால் பெரும்பாலும் கேட்காது. திசு சொல்லும் இந்த வேறுபாட்டை, வெட்டாமலே படத்தில் படிப்பதுதான் நோக்கம்.

வன்னியில் ஸ்கான் ஓர் ஊரிலும் திசுச்சோதனை இன்னோர் ஊரிலும் நடக்க நேரலாம். அதனால் படம், அறிக்கை, பழைய மருந்துத் துண்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொரு வைத்தியரிடமும் காட்டுங்கள். அவற்றைச் சேர்த்துப் படித்தால்தான் சரியான மருந்து தொடங்கும்.