அம்மாவின் மல்லியும் சுங்குடியும்



சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் விருதுநகரில் மொட்டை மாடியில் வெறும் காலை வைக்க முடியாது. அந்த மாடியில் ஒரு பழைய பெயிண்ட் வாளியில் மல்லிகை வைத்து, தினம் ஒரு கைப்பிடி மொட்டு பறிக்கிறேன் என்றால் பக்கத்து வீட்டு அக்காவே முதலில் நம்பவில்லை. அவர்தான் "இதை எழுதிப் போடேன்" என்றார்.

இது எங்கள் அம்மா வீட்டுச் செடி. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. காரியம் முடிந்து மூன்றே மாதத்தில் திருமங்கலத்து வீட்டை விற்க வேண்டும் என்றார் அண்ணன். "கடன் கழுத்தை நெரிக்குது பாப்பா, வேற வழி தெரியல" என்றார். எனக்கு ஆத்திரம். போய்க் கையெழுத்துப் போட்டேனே தவிர, முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாவின் நாலு சுங்குடிச் சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் வாசலில் அண்ணன் நிற்கிறார். கையில் பெயிண்ட் வாளி, அதில் மல்லிகைக் கன்று. விற்கிற பேச்சு வந்த ஆடி மாதமே ஒரு கிளையை வளைத்து, கணு மண்ணுக்குள் போகிற மாதிரி புதைத்துப் பதியன் போட்டிருக்கிறார். ஐப்பசிக்குள் வேர் விட்டதும் நறுக்கி, வாளியின் அடியில் ஓட்டையும் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். "வாங்கினவங்க செடியை வெட்டிருவாங்க, அதான்" என்றவர், காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அப்போதும் நான் சரியாகப் பேசவில்லை.

முதல் கோடையில் அதைக் கொன்றே இருப்பேன். வாடுகிறதே என்று உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றினேன். வாளியோ கொதிக்கிற தளத்தில் நேராக உட்கார்ந்திருந்தது. மேல் வெயிலைச் செடி தாங்கும், வேர் வேகுவதைத் தாங்காது என்று பூக்காரம்மா சொன்ன பிறகுதான் புத்தி வந்தது. நாலு செங்கல் மேல் தூக்கி வைத்து, வாளியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி, மண் மேல் தேங்காய் நார் பரப்பினேன். தண்ணீர் விடிந்ததும் ஒரு தரம், பொழுது சாய்ந்ததும் ஒரு தரம். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. அதனால் அரிசி, பருப்பு கழுவின தண்ணீர்தான் பாதிக்குப் பாதி.

மார்கழியில் முழங்கால் உயரம் விட்டு வெட்டச் சொன்னார் பூக்காரம்மா. பிழைத்து வந்த செடியை வெட்ட மனசு வருமா? கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊற வைத்து, ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து, பதினைந்து நாளைக்கு ஒரு தரம் ஊற்றினேன். பங்குனியில் மொட்டு! மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாளியில் பூத்தாலும் அந்தப் பேரைச் சொல்லலாமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூ வந்ததும் சேலை ஞாபகம் வந்தது. பீரோவில் மடிப்பு மடிப்பாக இற்றுக்கொண்டிருந்தது. சீதனமாக வந்த தையல் மெஷினும் சும்மாதான் கிடந்தது. கத்தரிக்கோலை எடுத்துவிட்டு ஒரு மத்தியானம் முழுக்க வெட்டாமலே உட்கார்ந்திருந்தேன்.

தலையணை உறை ரொம்பச் சுலபம். நம் தலையணை 17-க்கு 27 அங்குலம் என்றால், 18 அங்குல அகலம், 62 அங்குல நீளத்தில் ஒரே துண்டு வேண்டும். இரண்டு முனையையும் மடித்து அடியுங்கள். நல்ல பக்கம் மேலே தெரிய விரித்து, ஒரு முனையிலிருந்து 27 அங்குலம் மடியுங்கள். எதிர்ப்பக்கம் மிஞ்சி நிற்கும் 6 அங்குலத்தை அதன் மேல் மடித்து, இரண்டு பக்கவாட்டையும் தைத்துத் திருப்பினால் வாய் மூடிய உறை. பட்டன் வேண்டாம், ஜிப் வேண்டாம். இற்ற இடத்தைத் தள்ளியதில் எனக்கு இரண்டு உறைதான் தேறியது. மிச்சத்தில் பூ பறிக்க ஒரு சுருக்குப் பை. அதை நனைத்துப் பிழிந்து மொட்டைப் போட்டுக் கட்டினால் சாயங்காலம் வரை விரியாமல் இருக்கிறது.

போன வாரம் என் வீட்டுக்காரர் மதுரைப் பக்கம் போனார். ஒரு உறையும், பை நிறைய மொட்டும் அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். ராத்திரி போன் வந்தது.

"பூ வாடாம வந்துச்சு பாப்பா. உறையைத்தான் உங்க அண்ணி பீரோவுல வச்சுப் பூட்டிட்டா. தலைக்கு வச்சா கிழிஞ்சிருமாம்."

அண்ணி தைரியமாகத் தலைக்கு வைத்துக்கொள்ள, அடுத்த சேலையையும் வெட்டலாம் என்று இருக்கிறேன். அரக்குக் கலரில் வெள்ளைப் புள்ளி.

- ஒரு வாசகி, விருதுநகர்.