சின்ன கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு: வாங்குறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

கம்பெனிகள் கழிச்சுவிட்ட டெல் ஆப்டிபிளக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க் மாதிரி ஒல்லியான டெஸ்க்டாப்களை ரீஃபர்பிஷ்டா வாங்கி வெச்சிருக்கவங்க நிறைய பேர். ஆபீஸ் வேலைக்கு அது அருமையான பெட்டி. ஆறு மாசம் கழிச்சு, "ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டா கேம் ஆடலாம், வீடியோ எடிட் பண்ணலாம்"னு தோணும். அங்கதான் செலவு ஆரம்பிக்குது.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன். கார்டுல போடுற பணம் உங்க கூடவே வரும். நாளைக்கு வேற கம்ப்யூட்டர் வாங்கினாலும் அதுல மாட்டிக்கலாம். அந்தப் பெட்டிக்குன்னே செஞ்ச பவர் சப்ளையில போடுற பணம் அந்தப் பெட்டியோடவே போயிடும். முடிவு எடுக்கும்போது இந்த வித்தியாசத்தை மறக்காதீங்க.

முதல்ல வாட் கணக்கு

பவர் சப்ளை மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க. ஆப்டிபிளக்ஸ் 3050 ஒல்லி மாடல்ல 180 வாட், 7010-ல 240 வாட். பல இன்டெல் ஐ5 பிராசஸர்களுக்கு 65 வாட், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேனுக்கு தோராயமா 30 வாட். மொத்தம் 95.

பவர் சப்ளையை 80 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து ஓட்டாம இருக்கிறது நல்லது. 180-ல 80 சதவீதம்னா 144. அதுல 95 போனா மிச்சம் 49 வாட். 240-ஆ இருந்தா மிச்சம் 97 வாட்.

இப்ப கார்டுகளைப் பாருங்க. ஜிடி 1030-க்கு 30 வாட், ஆர்எக்ஸ் 6400-க்கு 53 வாட், ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வகைக்கு 70 வாட், ஜிடிஎக்ஸ் 1650-க்கு 75 வாட். ஸ்லாட் வழியா அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். சில ஆபீஸ் மாடல்களுக்கு கம்பெனியே அதைவிடக் கம்மியான எல்லை வெச்சிருக்கும், மேனுவலைப் பார்த்துடுங்க. ஆக, 180 வாட் பெட்டியில 75 வாட் கார்டுன்னா மொத்தம் 170. ஓடலாம், ஆனா மூச்சு வாங்கிக்கிட்டேதான் ஓடும்.

கார்டு "லோ ப்ரொஃபைல்" வகையா, குட்டை பிராக்கெட் கூட வருதா, எத்தனை ஸ்லாட் அடைக்கும்னு ஸ்கேல் வெச்சு அளந்துட்டு வாங்குங்க. கையளவு மினி பெட்டியா இருந்தா பெரும்பாலும் கார்டு போடவே இடம் இருக்காது.

பவர் சப்ளையை மாத்தலாமா?

கடையில கிடைக்கிற சாதாரண பவர் சப்ளை இந்தப் பெட்டிக்குள்ள உட்காராது. பல மாடல்கள்ல மதர்போர்டுக்குப் போற இணைப்பே வழக்கமான 24 பின் கிடையாது. அதே மாடலுக்குன்னு வந்த கூடுதல் வாட் பவர் சப்ளை நல்ல நிலையில கிடைச்சா மட்டும் யோசிக்கலாம்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் போற சாட்டா ஒயர்ல இருந்து 6 பின் எடுக்குற அடாப்டரை மட்டும் வாங்கிடாதீங்க. சாட்டா இணைப்பு 12 வோல்ட்ல 54 வாட்தான் தாங்கும். 6 பின் வழியா கார்டு 75 வாட் வரைக்கும் கேட்கும். ஒயர் சூடாகி உருகும் ஆபத்து இருக்கு.

வீடியோ எடிட்டிங்குக்கு கார்டு தேவையா?

இது பலருக்குத் தெரியாத கண்ணி. ஜிடி 1030-லயும் ஆர்எக்ஸ் 6400-லயும் வீடியோவை எக்ஸ்போர்ட் பண்ண உதவுற என்கோடர் கிடையாது. உங்க இன்டெல் பிராசஸருக்குள்ள இருக்கிற குயிக் சிங்க் அந்த வேலையை ஏற்கெனவே செய்யும். அதனால முதல்ல ஒரே ஒரு ராம் இருந்தா இன்னொண்ணு சேர்த்து ஜோடியாக்குங்க. உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் அந்த ராமைத்தான் கடன் வாங்குது, ஜோடியானா அதுக்குக் கிடைக்கிற வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

கோட்டக்குப்பத்துல இருக்கிறவங்களுக்கு

கோட்டக்குப்பத்துல தங்கி பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போறவங்களுக்கு எல்லை தாண்டி பெட்ரோல் போடுற பழக்கம் இருக்கும். பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள்ள வரல, அதனால அங்க விலை வேற. கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ரெண்டு பக்கமும் அதே 18 சதவீத ஜிஎஸ்டிதான். சம்பளக்காரங்க நாம அதைத் திரும்ப வாங்கவும் முடியாது. அதனால எல்லையைப் பார்க்காம வாரண்டியையும் பில்லையும் பாருங்க.

இன்னொண்ணு, காத்து. மரக்காணம் உப்பளம் வரைக்கும் நீளுற கரை இது. உப்பு கலந்த தூசி, காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா தண்ணியை இழுத்துக் கரையும். அப்ப மின்சாரத்தையும் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். பழைய பவர் சப்ளை வாங்கும்போது திருகாணியில துரு இருக்கான்னு பாருங்க. இருந்தா விலை எவ்வளவு கம்மியானாலும் வேண்டாம். பெட்டியைக் கடல் பக்க ஜன்னல் ஓரம் வைக்காதீங்க, மூணு மாசத்துக்கு ஒரு முறை தூசி எடுங்க. வாரக்கணக்கில ஆஃப்லயே போடாதீங்க. ஓடும்போது வர்ற சூடு உள்ளே ஈரத்தைக் குறைக்கும்.

இப்ப பணக் கணக்கு

உதாரணத்துக்கு உங்க பெட்டியோட இன்றைய விலை 12,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. கார்டு 16,000, பவர் சப்ளை 4,000. மொத்தம் 20,000. பெட்டியை விட அதிகம்! இதுல 4,000 திரும்பவே வராத பணம்.

இதையே கிரெடிட் கார்டுல தேய்ச்சு மினிமம் மட்டும் கட்டினா? மாசம் 3.5 சதவீத வட்டின்னா முதல் மாசமே சுமார் 700 ரூபாய், அது மேல 18 சதவீத ஜிஎஸ்டி 126. மொத்தம் 826 ரூபாய், ஒரு ஃப்ரேம் கூட அதிகமாகாம.

இன்னும் ஒரு செக். ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் பெட்டிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11 பட்டியல்ல இல்ல. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. அப்படிப்பட்ட பெட்டியில பெரிய தொகை போடுறது, காலி பண்ணப் போற வாடகை வீட்டுக்கு டைல்ஸ் போடுற மாதிரி.

என் சிபாரிசு இதுதான்:

1. அப்கிரேடு செலவு பெட்டியோட இன்றைய விலையில பாதிக்குள்ள இருந்தா செய்யுங்க.
2. பவர் சப்ளையை மாத்தாம ஓடுற கார்டா மட்டும் எடுங்க.
3. அதுக்கு மேல போனா நிறுத்திடுங்க. மாசம் 2,000 ரூபாய் ஆர்டி போடுங்க. பத்து மாசத்துல 20,000 போக வட்டியும் சேரும். பழைய பெட்டியை வித்த காசையும் சேர்த்து, சாதாரண கேபினெட், சாதாரண பவர் சப்ளை இருக்கிற கம்ப்யூட்டரா வாங்குங்க. அடுத்த தடவை அப்கிரேடு பண்ணும்போது எல்லாத்தையும் மாத்த வேண்டியதில்ல.

இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை: பெட்டியைத் திறந்து அந்த ஸ்டிக்கரை போட்டோ எடுங்க. வாட் எவ்வளவுன்னும் மாடல் என்னன்னும் கமெண்ட்ல போடுங்க, எந்தக் கார்டு வரைக்கும் தாங்கும்னு சேர்ந்தே கணக்குப் போடலாம்.