கட்டுத்தறியில் மாட்டைக் காணோமா? முதல் ராத்திரியை வீணாக்காதீர்கள்

சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து திரும்பும்போது எண்ணினால் ஒரு ஆடு குறைகிறது. அல்லது விடியற்காலையில் பால் கறக்கப் போனால் முளைக்குச்சி மட்டும் நிற்கிறது. அந்த நேரத்தில் நம் வீடுகளில் அநேகமாக ஒரே மாதிரிதான் நடக்கும். ஆளுக்கொரு திசையில் ஓடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகம் வந்துவிடும். போலீசுக்குப் போவது மூன்று நாள் கழித்து. நான் வேளாண்மைத் துறைக்காரன், கால்நடை மருத்துவர் அல்ல. ஆனாலும் விதை, உரம் பேசப் போன ஊர்களில் மாடு தேடிய கதைகளை நிறையவே கேட்டிருக்கிறேன்.

முதலில் தெரிய வேண்டியது, அது தானாகப் போனதா, யாராவது ஓட்டிப் போனார்களா என்பது. பாதி விடை கட்டிய இடத்திலேயே கிடக்கும். எல்லோரும் மிதித்து அழிப்பதற்குள் செல்போனில் நாலு படம் எடுத்துவிடுங்கள். முளை பிடுங்கிக் கிடந்தாலோ, கயிறு நைந்து அறுந்திருந்தாலோ மாடு தானே போயிருக்கலாம். கயிறு நேர்வாக்கில் வெட்டுப்பட்டிருந்தாலும், ஒரே ராத்திரியில் பட்டியில் மூன்று நான்கு ஆடுகள் குறைந்தாலும், புதிதாக வண்டித்தடம் தெரிந்தாலும் காடு கரையெல்லாம் தேடி நேரத்தைக் கடத்த வேண்டாம். நேராகக் காவல் நிலையம்தான்.

தானாகப் போகிற மாட்டுக்கு ஒரு காரணம் இருக்கும். பருவத்துக்கு வந்த பசு காளை இருக்கும் பக்கம் போகும். கடைசியாகப் பருவத்துக்கு வந்து 21 நாள் ஆகிறதா என்று கணக்குப் பாருங்கள். ஆகியிருந்தால் கோயில் காளை சுற்றும் தெருவில் முதலில் தேடுங்கள். நிறைசினை மாடு கன்று போட மறைவிடம் பார்க்கும். கரும்புத் தோட்டம், சோளக்காடு, சீமைக்கருவேலம் புதர் எதையும் விடாதீர்கள். சந்தையில் வாங்கி வந்து ஒரு மாதம்கூட ஆகாத மாடு என்றால் பழைய கட்டுத்தறியை நோக்கி நடந்திருக்கும். விற்றவருக்குத்தான் முதல் போன். கன்று இருந்தால் அதையும் ஓட்டிக்கொண்டு தேடப் போங்கள். கன்று கத்தினால், காதில் விழும் தூரத்தில் இருக்கும் தாய் பதில் குரல் கொடுக்கும்.

ஆட்டின் குணம் வேறு. தனியாக நிற்க அதற்குப் பிடிக்காது. வழியில் கிடைத்த மந்தையோடு சேர்ந்துகொள்ளும். ஊர்ப்பக்கம் கிடை போட்டிருந்தால் கீதாரியிடம் போய் மரியாதையாகக் கேளுங்கள். தன் கிடையில் புது ஆடு நுழைந்தால் அவருக்குத் தெரியாமல் இருக்காது. ‘திருட்டுப் பய’ என்று தொடங்கினால் தெரிந்தவரும் வாய் திறக்க மாட்டார். கழுத்துக் கயிறு முள்ளில் சிக்கி நிற்கிறதா, கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்து கிடக்கிறதா என்பதையும் இருட்டுவதற்குள் பார்த்துவிடுங்கள்.

அடுத்தவர் பயிரில் இறங்கிய மாட்டைப் பிடித்து பவுண்டில் அடைத்திருக்கவும் கூடும். ஊராட்சி, பேரூராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, அடைத்த மாட்டை 7 நாளில் யாரும் கேட்டு வராவிட்டால் போலீசுக்குத் தகவல் போகும். அறிவிப்பு ஒட்டி மேலும் 7 நாள் ஆகியும் உரியவர் வரவில்லை என்றால் ஏலம் விட்டுவிடலாம். அபராதத்தோடு தீவனச் செலவும் நாளுக்கு நாள் ஏறும். கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

திருட்டு என்று தோன்றினால் அன்றைக்கே புகார் கொடுங்கள். ‘ஒரு ஆட்டுக்கா கேஸ்?’ என்று நம்மவர்களே கேட்பார்கள். அந்த ஒரு ஆட்டில்தான் பிள்ளையின் காலேஜ் பீஸ் இருக்கிறது என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும். ஆடு திருடினாலும் திருட்டுதான். பாரதிய நியாய சன்ஹிதா 303-ஆம் பிரிவில் வரும். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். உடனே வழக்குப் போடாவிட்டால் சி.எஸ்.ஆர். ரசீதையாவது கேட்டு வாங்குங்கள். புகாரை வாங்கவே மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ராத்திரியில் திருடர்களைத் துரத்திப் போகாதீர்கள். 2021 நவம்பரில், டூவீலரில் ஆடு திருடிப் போனவர்களை விரட்டிச் சென்ற திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலைய சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதனையே கீரனூர் அருகே வெட்டிக் கொன்றார்கள். வண்டி எண்ணைக் குறித்து 112-க்குப் போன் செய்தால் போதும்.

திருட்டு ஆடு, மாடு சந்தைக்கு வரவும் வாய்ப்பு உண்டு. செவ்வாய் மேலப்பாளையம், புதன் மணப்பாறை, வியாழன் அய்யலூர், ஈரோடு கருங்கல்பாளையம், வெள்ளி செஞ்சி, சனி எட்டயபுரம் என்று உங்கள் பக்கத்துச் சந்தை நாளைக் கணக்கிட்டு, விடிவதற்கு முன்பே வாசலில் நில்லுங்கள். புகார் நகல், படம் இரண்டும் கையில் இருக்கட்டும். உங்கள் மாட்டைப் பார்த்துவிட்டால் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டாம். விலை கேட்பதுபோல் பக்கத்தில் ஒருவர் நிற்க, இன்னொருவர் போலீசைக் கூப்பிடட்டும்.

அங்கே ‘இது என் மாடு’ என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். காதில் போடும் மஞ்சள் வில்லையில் உள்ள 12 இலக்க எண் பாரத் பசுதன் பதிவில் உங்கள் பெயரோடு சேர்ந்திருக்கிறது. மாடு வாங்குபவர்களில் நிறையப் பேர் அதில் பெயர் மாற்றுவதே இல்லை. அப்படியானால் பதிவில் பழைய சொந்தக்காரர் பெயர்தான் இருக்கும். கால்நடை மருந்தகத்தில் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். வில்லையைத் திருடன் அறுத்துவிடலாம் என்பதால் முகம், இரு பக்கம், கொம்பு, சுழி, சூட்டுத் தழும்பு தெரியும்படி இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். ஈரமான மூக்கு நுனியையும் கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். நம் கைரேகைபோல மாட்டுக்கு மூக்கு ரேகை. ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள் பாலிசியை ஒருமுறை படித்துப் பாருங்கள். வழக்கமான கால்நடைக் காப்பீடு மாடு இறந்தால்தான் பணம் தரும். திருட்டும் காணாமல் போவதும் பெரும்பாலும் அதில் சேராது.

காவல் நாய் காணாமல் போனால் இவ்வளவு தேட மாட்டோம். பருவ காலத்தில் நாலு நாள் சுற்றிவிட்டுத் தானே திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் கடிபட்ட காயத்தோடு வந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். குழந்தைகளை அண்டவிடாமல் கட்டிப்போட்டு, அன்றே கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். வெறிநோய் அறிகுறி தெரிய மாதக்கணக்கில்கூட ஆகலாம். அதன் எச்சில் உங்கள் கைக்காயத்தில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

மாடு கிடைத்துவிட்டது என்றால், பசியோடு வந்திருக்கிறதே என்று அரிசிக் கஞ்சியும் தவிடுமாக வாரிக் கொட்ட வேண்டாம், வயிறு கெட்டுவிடும். முதல் நாள் தண்ணீரும் வைக்கோலும் போதும். வயிறு உப்பியிருந்தாலோ, வாயில் நுரை தள்ளினாலோ 1962-க்குப் போன் செய்யுங்கள். கறவை மாடாக இருந்தால் கட்டி நிற்கும் பாலை முழுக்கக் கறந்து கொட்டுங்கள், விட்டால் மடிநோய் வரும். பருவத்தில் ஓடிப்போன பசு என்றால் திரும்பிய தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, மூன்றாம் மாதம் சினைப் பரிசோதனைக்கு ஓட்டிப் போங்கள்.