நியூகம் அளந்த ஒளியும் கணினி ஈன்ற எண்களும்

தாமஸ் பேய்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் எழுதிய நிகழ்தகவுக் கட்டுரை, அவர் மறைந்தபின் 1763-ல் வெளிவந்தது. அவ்வழி நிற்போர், அறியப்படாத அளவொன்றிற்கு ஒரே விடை கூறாது, பொருந்தும் விடைகள் பலவற்றையும் அவற்றின் நிகழ்தகவோடு கொள்வர். ஸ்டான், பைஎம்சி முதலிய கணினி நிரல்கள் அவ்விடைகளை ஆயிரக்கணக்கில் எடுத்து நம்முன் குவிக்கின்றன. ஆயின், நாம் கொண்ட மாதிரியே பிழையாயின் அக்குவியலால் பயன் யாது?

இதனை அறிய ஒரு வழியுண்டு. விடை ஒவ்வொன்றையும் மெய்யெனக் கொண்டு, அதனின்று புதிய தரவுத் தொகுதி ஒன்றைப் பிறப்பித்து, மெய்த்தரவோடு ஒப்பிடல் வேண்டும்.

1882-ல் அமெரிக்க வானநூற்புலவர் சைமன் நியூகம், 7,442 மீட்டரை ஒளி கடக்கும் நேரத்தை அளந்தார். கிடைத்த அளவுகள் 66. அவை 24,800 நானோசெகண்டினின்று வேறுபடும் எண்களாகக் குறிக்கப்பெற்றன. சராசரி ஏறக்குறைய 26. மிகச் சிறியதோ -44! இயல்நிலைப் பரவலை மாதிரியாகக் கொண்டு, ஆண்ட்ரூ கெல்மன் முதலியோர் தம் நூலில் இத்தகைய தொகுதிகள் 20 பிறப்பித்துக் காட்டியுள்ளனர். ஒவ்வொன்றின் மிகச் சிறிய எண்ணையும் எடுத்துப் பார்த்தால், ஒன்றேனும் -44-ஐ எட்டவில்லை. சராசரியை மட்டும் ஒப்பிட்டிருப்பின் இக்குறை புலப்பட்டிராது. மாதிரி அதற்கெனவே பொருத்தப்பட்டதன்றோ?

மாணவர் இங்கே இரண்டு இடங்களில் வழுக்குவர். விடைகளின் சராசரி ஒன்றையே இட்டுப் புதுத்தரவு எடுப்போர் உளர். அளவையில் நேரும் சிதறலைச் சேர்க்க மறப்போரும் உளர். இரண்டாலும் பரவல் குறுகும். நல்ல மாதிரியும் தவறெனத் தோன்றும். நியூகம் எண்களுக்கோ குறை மாதிரியினதே. நீண்ட வாலுடைய பரவலொன்றைக் கொண்டு மீண்டும் பிறப்பித்துப் பார்ப்பதே அடுத்த வேலை.