வீட்டுக்குப் பெரிய கார் வாங்கப் போகிறீர்களா?

கார் வாங்குவது ஆண்கள் சமாசாரம் என்று நாம் ஒதுங்கி நின்ற காலம் போய்விட்டது. எங்கள் கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கம் தறி வைத்திருப்பவர்கள், தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டு வாசல்களில் இப்போது உயரமான ‘எஸ்.யு.வி.’ கார்கள் நிற்கின்றன. ஓட்டுவது யாராக இருந்தாலும், அதில் குழந்தையை ஏற்றி இறக்குவதும், வயதானவர்களை உட்கார வைப்பதும் நாம்தானே!

2002-ல் ஸ்கார்ப்பியோ வந்தபோது இது மிராசுதார் வண்டியாக இருந்தது. 2012-ல் ஒரகடத்தில் தயாரான டஸ்டர், 2015-ல் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான கிரெட்டா என்று வந்த பிறகு நடுத்தரக் குடும்பங்களும் ஆசைப்பட ஆரம்பித்தன. 2025 செப்டம்பர் 22 முதல், செஸ்ஸும் சேர்த்து 50 சதவீதம் வரை இருந்த வரி 40 சதவீதமாகக் குறைந்ததும், ‘வாங்கிடலாமா?’ என்ற பேச்சு பல வீடுகளில் எழுந்தது.

நாங்கள் 2021-ல் ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி வாங்கினோம். அத்தை, என் வீட்டுக்காரர், நான், பத்தாவது படிக்கும் மகன், கொழுந்தனார், ஓரகத்தி, அவர்களுடைய மூன்று வயதுப் பெண் என்று கணக்காக ஏழு பேர். எந்தக் கம்பெனி வண்டி என்பது முக்கியமில்லை. நான் சொல்லப் போவது எல்லா உயரமான வண்டிகளுக்கும் பொதுவானது.

குடம் வைத்துப் பாருங்கள்

உயரமாக உட்கார்ந்து ஓட்டினால் சாலை நன்றாகத் தெரியும் என்பார்கள். தூரத்துச் சாலை தெரியும், நிஜம்தான். ஆனால் வண்டிக்கு வெகு அருகில் இருப்பது தெரியாது. இதுதான் இந்த வண்டிகளின் பெரிய அபாயம்.

இதைத் தெரிந்துகொள்ள எங்கள் வாசலிலேயே ஒரு சோதனை செய்தோம். நான் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். மகன் ஒரு குடத்தை வண்டியின் பின்னால் வைத்து, ஒவ்வொரு தப்படியாகத் தள்ளிக்கொண்டே போனான். பன்னிரண்டு தப்படி போன பிறகுதான் உள் கண்ணாடியில் குடத்தின் வாய் தெரிந்தது. முன்பக்கம் பானெட்டை ஒட்டி வைத்துப் பார்த்ததில் நாலு தப்படி வரை எதுவும் தெரியவில்லை. குடத்தின் உயரம், மண்ணில் உட்கார்ந்து விளையாடும் குழந்தையின் உயரம். நினைத்தாலே வயிறு கலங்கியது.

2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் பின்புற சென்ஸார் கட்டாயம். நல்லதுதான். ஆனால் அது மிக அருகில் வந்தால்தான் கத்தும். ஓடி வரும் குழந்தைக்கு அந்த இடைவெளி போதாது. காமிரா இருந்தாலும் மழையிலும் சேற்றிலும் மங்கிவிடும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு சட்டம்: வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒருவர் வண்டியைச் சுற்றி வர வேண்டும்; குழந்தை யாராவது ஒருவர் இடுப்பில் இருக்க வேண்டும். “பாப்பா எங்கீங்க?” என்று குரல் கொடுத்து, “இங்க இருக்குதுங்க” என்று பதில் வந்த பிறகுதான் ரிவர்ஸ் கியர்!

மடி பாதுகாப்பு அல்ல

“மடியில இருந்தாத்தானுங்க்கா அழுவாது” என்பாள் என் ஓரகத்தி. எல்லாத் தாய்மார்களும் சொல்வதுதான். ஆனால் வண்டி திடீரென்று மோதி நிற்கும்போது குழந்தையின் எடை பல மடங்காகி முன்னால் பாயும். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது.

நாங்கள் குழந்தை இருக்கை வாங்கினோம். முதலில் அழுகைதான். ஒரு வாரம் வாசலில் நிற்கும் வண்டியிலேயே பொம்மையை அதில் உட்கார வைத்து பெல்ட் போட்டுக் காட்டினோம். பிறகு அவளே ஏறி, “பெரியம்மா, கட்டு” என்கிறாள். பெரும்பாலான புது வண்டிகளில் இந்த இருக்கையை மாட்ட ‘ஐசோஃபிக்ஸ்’ என்ற கொக்கி இருக்கிறது. வாங்கும்போதே கேட்டுப் பாருங்கள். கைக்குழந்தையின் இருக்கை பின்புறம் பார்த்தபடி இருக்க வேண்டும். அதை ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

பின்னால் உட்காருபவர்களுக்கு பெல்ட் எதற்கு என்று இன்னமும் கேட்கிறார்கள். 2022 செப்டம்பர் 4-ம் தேதி மகாராஷ்டிராவில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அவரும், கூட இறந்தவரும் பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்ததாகப் போலீஸார் சொன்னார்கள். முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள். அது விலை உயர்ந்த, வசதியான கார். வண்டி பெரியதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? சட்டமும் உண்டு: பெல்ட்டோ பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

2023 அக்டோபர் 1 முதல் ‘பாரத் என்கேப்’ என்ற சோதனையில் கார்களை மோத விட்டு நட்சத்திரம் தருகிறார்கள். பெரியவர்களுக்குத் தனி நட்சத்திரம், குழந்தைகளுக்குத் தனி. கடைக்காரர் “அஞ்சு ஸ்டாருங்க” என்றால், “குழந்தைக்கு எத்தனைங்க?” என்று கேளுங்கள்.

அத்தையின் முழங்கால், குழந்தையின் வயிறு

படி உயரமாக இருப்பதால் எங்கள் அத்தைக்கு ஏறுவது சிரமமாக இருந்தது. பக்கவாட்டில் ஒரு கால்படி வைத்த பிறகு சரியாயிற்று. சேலை கட்டியவர்கள் முதலில் இருக்கையில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பினால் கொசுவம் மாட்டாது.

மூன்றாவது வரிசை இருக்கை தாழ்வானது; முழங்கால் மேலே தூக்கிக்கொள்ளும். அங்கே வயதானவர்களை உட்கார வைக்காதீர்கள். நானும் மகனும்தான் அங்கே. தூரப் பயணத்தில் இரண்டு மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, எல்லோரையும் நாலு எட்டு நடக்க வைப்பேன். கால் வீங்காது.

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. உயரமான வண்டி வளைவில் அதிகம் சாயும். பின் வரிசையில் இருப்பவர்களுக்குத்தான் குமட்டல் வரும். புறப்படுமுன் வயிறு முட்டத் தின்ன வேண்டாம். இரண்டு இட்லி போதும். செல்போன் பார்க்காமல் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மெதுவாக ஓட்டச் சொல்வதும் நம் வேலைதான்!

வெயிலில் நிற்கும் மூடிய காரில் பத்தே நிமிஷத்தில் பத்து டிகிரி அளவுக்கு வெப்பம் ஏறிவிடும். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறும். “ஒரு நிமிஷம், கடையில வாங்கிட்டு வந்துடறேன்” என்று குழந்தையை உள்ளே விட்டுப் போகவே கூடாது. வீட்டில் நிற்கும்போதும் பூட்டி, சாவியைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

டீசலா, பெட்ரோலா?

எங்களுக்கு வந்த தொல்லையைச் சொல்கிறேன். வாங்கிய ஆறாம் மாதம் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. ஏஜென்ஸிக்குப் போனால் அணையும்; சில வாரத்தில் மறுபடி எரியும். விற்கும்போது யாரும் விளக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. சேர்ந்த கரி எரிந்து போக, அது நன்றாகச் சூடாக வேண்டும். பள்ளிக்கூடம், மளிகைக் கடை என்று இரண்டு கிலோ மீட்டர் ஓட்டினால் சூடாகாது, கரி அடைத்துக்கொள்ளும்.

இப்போது ஞாயிறுதோறும் அவிநாசி தாண்டி நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டிவிட்டு வருகிறோம். விளக்கு எரிவதில்லை. தினமும் தூரம் போகிறவர்களுக்கு டீசல் லாபம். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்குப் பெட்ரோலே நிம்மதி. மைலேஜும் அப்படித்தான்: எங்கள் வண்டி நெடுஞ்சாலையில் லிட்டருக்கு பதினாறு தருகிறது, ஊருக்குள் பதினொன்றைத் தாண்டுவதில்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், சகோதரிகளே, வீட்டிலுள்ள வயதானவரையும் குழந்தையையும் ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். அவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள். எல்லா இருக்கையிலும் பெல்ட்டை இழுத்து மாட்டிப் பாருங்கள். நீங்களும் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்து, பின்னால் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று பாருங்கள். நிறமும் பாட்டுப் பெட்டியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.