ராவணனின் பழைய குரல் எங்கே? பரண் கேசட்டுகளில் ஒரு தேடல்

2025 ஜனவரி 24-ம் தேதி 'ராமாயணா: த லெஜெண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' அனிமேஷன் படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. யுகோ சாகோ, ராம் மோகன், கொய்ச்சி சசாகி ஆகியோர் இயக்கி, 1990-களின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்ட இந்திய - ஜப்பான் கூட்டுப் படம். இப்போது 4கே தரத்தில் பளிச்சென்று இருந்தது. தமிழும் தெலுங்கும்கூடப் பேசியது. ஆனால், சின்ன வயதில் டிவியில் இதை இந்தியில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. ராவணன் பேசுறது அம்ரிஷ் பூரி குரல் இல்லையே!

பழைய இந்தி டப்பிங்கில் ராமனுக்குக் குரல் கொடுத்தவர் அருண் கோவில். தூர்தர்ஷன் 'ராமாயண'த்தில் ராமனாக நடித்த அதே ஆள். ராவணனுக்கு அம்ரிஷ் பூரி, கதைசொல்லியாக சத்ருகன் சின்ஹா. 2025 வெளியீட்டில் இந்திக்குப் புதுக் குரல்கள் சேர்க்கப்பட்டன. அம்ரிஷ் பூரி 2005-லேயே காலமாகிவிட்டார். எனவே அந்தக் குரல் வேண்டும் என்றால் பழைய வீடியோ பிரதிகளைத்தான் தேட வேண்டும். அதிலும் முக்கியமானவை, டிவியில் படம் ஓடியபோது யாரோ ஒருவர் வீட்டு விசிஆரில் ரெக்கார்ட் பட்டனை அமுக்கிப் பிடித்துவைத்த கேசட்டுகள்.

டிவி பதிவில் அப்படி என்ன இருக்கு?

திரையரங்கில் ஓடிய படமும் டிவியில் ஓடிய படமும் பல நேரம் ஒன்றல்ல. சேனல் தன் வசதிக்கு வெட்டும், சில சமயம் தனி டப்பிங் போடும். ஒளிபரப்பு உரிமை முடிந்ததும் அந்த வடிவம் அப்படியே காணாமல் போய்விடும்.

இதற்கு அருமையான உதாரணம் 1983-ல் வந்த 'ட்வைஸ் அப்பான் எ டைம்' என்ற அமெரிக்கப் படம். ஜான் கோர்ட்டியும் சார்லஸ் ஸ்வென்சனும் இயக்கியது. ஜார்ஜ் லூகாஸ் நிர்வாகத் தயாரிப்பாளர். வெட்டிய உருவங்களைப் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சி நகர்த்தும் 'லுமாஜ்' என்ற உத்தியில் எடுக்கப்பட்டது. தியேட்டர்களில் சரியாக ஓடவில்லை. அடுத்த ஆண்டு எச்பிஓ சேனல் போட்டபோதுதான் வேடிக்கை: கெட்ட வார்த்தைகள் நிறைந்த ஓர் ஒலித்தடத்துடன் படம் ஓடியது. கோர்ட்டிக்கு அது பிடிக்கவில்லை. அவர் எதிர்த்ததும் சுத்தமான வடிவம் அதன் இடத்துக்கு வந்தது. பின்னாளில் வந்த விஹெச்எஸ் வெளியீட்டிலும் சுத்தமானதே இருந்தது. அந்த முதல் ஒலியை மறுபடி கேட்க விரும்பியவர்கள், வீட்டில் பதிவு செய்யப்பட்ட டேப்புகளைத் தேடி அலைந்தார்கள். 2015-ல் வார்னர் ஆர்கைவ் டிவிடியில் இரண்டு ஒலித்தடங்களையும் சேர்த்து வெளியிட்ட பிறகுதான் அந்தத் தேடல் ஓய்ந்தது.

தேதியைச் சொல்லும் விளம்பரங்கள்

ஒரு கேசட் கையில் கிடைத்துவிட்டது. எந்த வருட ஒளிபரப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அன்றைக்கு எல்லோரும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன விளம்பர இடைவேளைதான் இன்றைக்குப் பொக்கிஷம். கடை முகவரியில் 'மெட்ராஸ்' என்று இருந்தால் 1996 பெயர் மாற்றத்துக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். இமெயில் முகவரி தெரிந்தால் அதற்குப் பிந்தையதாக இருக்கலாம். மூலையில் தெரியும் சேனல் லோகோவும் துப்பு கொடுக்கும். கார்ட்டூன் நெட்வொர்க்கின் பழைய கறுப்பு வெள்ளைக் கட்ட லோகோவை 90-ஸ் கிட்ஸ் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வரப்போகும் படத்துக்கான டிரெய்லர் ஒன்று இடையில் வந்துவிட்டால் மாதமே தெரிந்துவிடும். விளம்பரத்தை 'பாஸ்' போட்டுத் தாண்டிப் பதிவு செய்த புத்திசாலிகள்தான் இன்றைய ஆய்வாளர்களின் எதிரி!

அஞ்சு நிமிஷம் எங்கே போச்சு?

புதிதாகத் தேடுபவர்கள் தவறாமல் விழும் பள்ளம் ஒன்று உண்டு. 'ராமாயணா'வின் நீளம் 135 நிமிடம். விளம்பரத்தைக் கழித்துப் பார்த்தால் டிவி பதிவு சுமார் 129 நிமிடம் 36 விநாடிதான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே 'சேனல் அஞ்சு நிமிஷத்தை வெட்டிட்டான்' என்று கிளம்பிவிடுவார்கள். வெட்டாமலேகூட இது நடக்கும். திரைப்படம் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுவது. இந்தியாவில் இருந்த பால் டிவி முறை விநாடிக்கு 25. ஒவ்வொரு ஃபிரேமையும் அப்படியே ஓட்டினால் படம் 4 சதவீதம் வேகமாக முடிந்துவிடும். குரலும் கொஞ்சம் கீச்சென்று மேலேறும். அமெரிக்கா, ஜப்பானில் இருந்த என்டிஎஸ்சி முறையில் கணக்கு வேறு. அங்கே வேகம் ஏறக்குறைய மாறாது. அந்த டேப்பை இங்கே மாற்றி ஒளிபரப்பியிருந்தால் நிறுத்திப் பார்க்கும்போது இரண்டு படங்கள் ஒன்றின் மேல் ஒன்று கலங்கித் தெரியும். ஆக, வெட்டு இருக்கிறதா என்பதை மொத்த நேரம் சொல்லாது. காட்சி காட்சியாக ஒப்பிட வேண்டும்.

தரம் எப்படிப் பார்ப்பது?

கண்ணுக்குத் தெரியும் பளபளப்பை நம்பக் கூடாது. முதலில் கேட்க வேண்டியது, இது எத்தனையாவது பிரதி என்பது. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகல் எடுக்கும் ஒவ்வொரு முறையும் படம் மங்கும், நிறம் வழியும். அனிமேஷனில் இது இன்னும் அப்பட்டம். கறுப்புக் கோட்டுக்குள் அடைபட வேண்டிய சிவப்பு பக்கத்தில் கசிந்து நிற்கும். அடுத்து, எந்த வேகத்தில் பதிவு என்பது. மூணு மணி நேர கேசட்டில் ஆறு மணி நேரம் அடைக்க 'எல்பி' மோடில் போட்டவர்கள் நிறைய பேர். செலவு மிச்சம், தரம் நஷ்டம்.

ஆனால் 'ராமாயணா' மாதிரி விஷயத்தில் படம் இரண்டாம் பட்சம். நல்ல படம் ஏற்கெனவே 4கே-யில் இருக்கிறது. வேண்டியது குரல். மங்கிய படத்துடன் தெளிவான ஹைஃபை ஒலி உள்ள கேசட், பளிச் படமும் இரைச்சல் ஒலியும் உள்ள கேசட்டைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. அந்த ஒலி வேகமேறிய ஒளிபரப்பிலிருந்து வந்திருந்தால் அதே கணக்கில் மெதுவாக்கி, விளம்பரம் வெட்டிய இடங்களில் தைத்து, புதிய படத்துடன் உதட்டசைவுக்குப் பொருத்த வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. இதற்கு நடுவில் ஏஐ மென்பொருளில் போட்டு 'ஹெச்டி ஆக்கிட்டேன்' என்று சிலர் தரும் கோப்புகள் உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம். ஓவியர் வரையாத கோடுகளை அது தானே வரைந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் கேசட் இருக்காது என்பதும் உண்மை. 1973 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஜப்பானின் நிப்பான் டிவியில் முதல் 'டோரேமான்' தொடர் ஓடியது. இன்று அதை முழுமையாகப் பார்க்க வழியில்லை. காரணம் எளிது: பீட்டாமேக்ஸ் வந்தது 1975-ல், விஹெச்எஸ் 1976-ல். வீட்டில் பதிவு செய்ய அப்போது ஏறக்குறைய யாரிடமும் கருவி இல்லை.

உங்க வீட்டுப் பரணில் இருந்தால்?

எடுத்ததும் பிளேயரில் போட்டுவிடாதீர்கள். கேசட்டின் ஜன்னல் வழியாக டேப்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. ஓட்டினால் பிளேயர் ஹெட்டில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் பரவும். முதுகுப் பக்கத்தில் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. டிஜிட்டலாக்கக் கொடுக்கும் இடத்தில் 'டைம் பேஸ் கரெக்டர்' இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் படம் நடுங்கும்.

கிடைத்ததை இணையத்தில் ஏற்றலாமா? இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கான காப்புரிமை 60 ஆண்டுகள், ஒளிபரப்பு நிறுவனத்தின் உரிமை 25 ஆண்டுகள். 1997-ல் ஓடிய ஒளிபரப்பின் மீது சேனலுக்கு உரிமை முடிந்திருக்கலாம். ஆனால் படத்தின் உரிமை இன்னும் உயிரோடுதான் இருக்கும். பாதுகாப்பது வேறு, பரப்புவது வேறு.

இன்னொன்று. லேபிளை நம்பாதீர்கள். 'அக்கா கல்யாணம்' என்று எழுதிய கேசட்டில் தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, திரை நீலமான பிறகும் டேப் மிச்சம் இருக்கும். அதையும் கடைசிவரை ஓடவிடுங்கள்.