நடப்பவரின் மனத்தில் ஓடும் காட்சி

புதுச்சேரி கடற்கரைச் சாலை மாலை தொடங்கி மறுநாள் காலை வரை நடப்பவர்களுக்கே உரியது, வாகனங்களுக்கு அனுமதியில்லை. இப்படியொரு வசதி இருந்தும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, இங்கே வயது வந்தோரில் 26.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு. நாட்டில் கோவாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். நடக்கச் சொல்லாத மருத்துவர் இல்லை. தொடங்கியவர்களில் சிலர் மட்டும் தொடர்வது ஏன்?

உளவியலாளர்கள் ஒரு விடையை மனக்காட்சியில் தேடுகிறார்கள். மனக்காட்சி திறனைப் பழக்கவும் செய்யும், ஊக்கத்தை ஊட்டவும் செய்யும் என்று 1985-இல் கனடாவின் ஆலன் பைவியோ விளக்கினார். அதையொட்டி 1999-இல் ஹாசன்பிளாஸ் குழுவினர் ஒன்பது கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியலை உருவாக்கினர். உடற்பயிற்சி செய்பவர் தம் தோற்றத்தையும், பெறும் புத்துணர்வையும், அசைவின் நுட்பத்தையும் எவ்வளவு அடிக்கடி மனத்தில் காண்கிறார் என்பதற்கு அவரே மதிப்பெண் இடவேண்டும். 2005-இல் வந்த 19 கூற்றுப் பட்டியல், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையையும் தனியாக அளந்தது.

பொருளியல் படித்தவனுக்கு இங்கே தயக்கம் எழும். மக்கள் சொல்வதை விடுத்து, வாங்குவதைப் பார் என்று 1938-இல் சாமுவேல்சன் வழி காட்டினார். மனக்காட்சிக்கோ சந்தையும் இல்லை, ரசீதும் இல்லை, கேட்டுத்தான் அறியவேண்டும். 1880-இல் கால்ட்டன், காலை உணவு மேசையை மனத்தில் காணச் சொல்லி மக்களிடம் வினவிய நாளிலிருந்தே இதுதான் நிலை. ஒருவருடைய 'அடிக்கடி' இன்னொருவருக்கு 'எப்போதாவது' ஆகலாம். எனவே இருவரை ஒப்பிடுவதைவிட, ஒரே மனிதரை மாதந்தோறும் கேட்டு, அவர் நடந்த நாள்களோடு பொருத்திப் பார்ப்பதையே நான் நம்புவேன்.

என் தயக்கம் இன்னொன்று. இந்தக் கூற்றுகள் பெரும்பாலும் விரும்பத்தக்க காட்சிகளையே கேட்கின்றன. முதல் பட்டியல் ஏரோபிக்ஸ் பயில்வோரிடம் உருவானது என்பதால் அது இயல்புதான். எனக்கோ சர்க்கரை என்று தெரிந்த நாள் முதல், விடியற்காலையில் கண்முன் வருவது கட்டுப்போட்ட என் தந்தையின் பாதம். மெலிந்த இடுப்பை நான் ஒரு நாளும் கண்டதில்லை. அந்தப் பாதம் சில நாள் என்னைக் கடற்கரைக்கு அனுப்புகிறது. சில நாள் போர்வைக்குள் தள்ளுகிறது. இதற்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் இடுவது?

தமிழில் கேட்பதிலும் சிக்கல் உண்டு. 'கற்பனை செய்கிறீர்களா?' என்றால், இல்லாததைச் சொல்வதாகக் குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கும். 'நடக்கக் கிளம்பும்முன் உங்கள் கண்முன் என்ன வருகிறது?' என்று கேட்டால் பெரியவர்கள் பேசுவார்கள். நம் மருத்துவமனைகளின் நீரிழிவுப் பிரிவுகளில், காத்திருக்கும் வேளையில் கேட்கக்கூடிய கேள்விதான் இது.